கேட்டா சொல்றேன்: காலேஜ் பஸ் கரண்ட்டுக்கு மாறுமா?

போன மாசம் இந்தப் பக்கத்துல "காலேஜ் பஸ் எல்லாத்தையும் கரண்ட்டுக்கு மாத்தலாமா"ன்னு ஒருத்தர் கேட்ட கேள்விக்கு, "காலேஜ் பஸ்ஸை எல்லாம் மொத்தமா கரண்ட்டுக்கு மாத்துறதுக்கு முன்னாடி லாக் புக்கைத் தூக்கிப் பாருங்க"ன்னு ஒரே வரியில பதில் போட்டுட்டு நகந்துட்டேன். லாக் புக்னா வண்டி தினம் எத்தனை கி.மீ. ஓடுதுன்னு எழுதி வைக்கற நோட்டு. அதுக்கு வந்த திட்டு கொஞ்சநஞ்சமில்ல. டீசல் கம்பெனி ஆளான்னு கேட்டாங்க, பழைய பஞ்சாங்கம்னாங்க. ஐயா, 22 வருஷம் ஒரு காலேஜ்ல பஸ் ஓட வச்சவன் நான், டீசல் பில்லுல கையெழுத்துப் போட்டுப் போட்டே கை தேஞ்சவன், எனக்கு டீசல் மேல என்ன பாசம். அதனால இந்தத் தடவை முழுப் பக்கமும் அதுக்கே விட்டாச்சு. வந்த கேள்வில பாதி ஒரே மாதிரி இருந்துச்சு, சேத்துக் கட்டிட்டேன்.

சார், எங்க யூனிவர்சிட்டில 42 பஸ் ஓடுது. மூணு வருஷத்துல எல்லாமே எலெக்ட்ரிக் ஆகணும்னு மேனேஜ்மென்ட் சொல்லிட்டாங்க, பிளான் போட்டுக் குடுன்னு என் தலைல கட்டிட்டாங்க. எங்க ஆரம்பிக்கிறது?
டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ், நாமக்கல் பக்கம்

பஸ்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, அவ்ளோதான் விஷயம். ஆனா ஏன்னு சொல்லாம விட்டா மறுபடி திட்டுவீங்க, அதனால உக்காந்து கணக்குப் போடுவோம், பேப்பர் பேனா எடுத்துக்கங்க.

உங்க பஸ் ஒண்ணு காலைல 50, சாயங்காலம் 50, ஒரு நாளைக்கு 100 கி.மீ. ஓடுதுன்னு வைங்க. லிட்டருக்கு 5 கி.மீ. குடுக்கும், நல்ல கால் இருக்கற டிரைவர்னா அஞ்சரை. 20 லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபான்னு போட்டா 1,860 ரூபா. அதே பஸ் கரண்ட்ல ஓடினா ஏசி இல்லாம கி.மீ.க்கு ஒரு யூனிட் சுத்தி குடிக்கும், சார்ஜ் ஏத்துறப்போ வீணாப் போறதையும் சேத்து 115 யூனிட்னு வைங்க. யூனிட் 9 ரூபான்னா 1,035. மிச்சம் 825 ரூபா. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா காலேஜ் வருஷத்துக்கு எத்தனை நாள் நடக்குது? ஸ்டடி ஹாலிடே, செமஸ்டர் லீவு, பொங்கல், தேர்தல் எல்லாம் கழிச்சா 240 நாள் வந்தா பெருசு. வருஷத்துக்கு 2 லட்சம் மிச்சம். இன்ஜின் ஆயில், ஃபில்டர், கிளச் பிளேட் இல்லாததால இன்னொரு ஐம்பதாயிரம் போட்டுக்கங்க, இரண்டரை லட்சம்.

இப்ப விலைக்கு வாங்க. டீசல் பஸ் 30 லட்சம் சுத்தி வரும், அதே சைஸ் கரண்ட் பஸ் ஒரு கோடிக்குப் பக்கம். வித்தியாசம் 70 லட்சம். எழுபதை இரண்டரையால வகுத்துப் பாருங்க, 28 வருஷம். பஸ்ஸே அவ்ளோ நாள் இருக்காது, பேட்டரி அதுல பாதி நாள் கூட வராது. சோலார் போட்டு கரண்ட்டை யூனிட் 4 ரூபாய்க்குக் கொண்டுவந்தா கூட 18 வருஷத்துக்குக் கீழ இறங்கல, போட்டுப் பாத்துட்டேன்.

இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. கரண்ட் பஸ் வாங்குறப்போ காசு கொட்டும், ஓடுறப்போ காசு மிச்சமாகும், அப்ப ஓட ஓடத்தானே லாபம். நம்ம காலேஜ் பஸ் என்ன பண்ணுது? காலைல எட்டரைக்கு உள்ள வந்து வரிசையா நிக்கும், டிரைவருங்க சீட்டைச் சாச்சுப் போட்டுத் தூங்குவாங்க, நாலு மணிக்கு மறுபடி கிளம்பும். ஒரு நாள்ல 20 மணி நேரத்துக்கு மேல நிக்கிற வண்டி அது. சென்னைல டவுன் பஸ் விடுற எம்டிசி 2025 ஜூன் 30ந் தேதி வியாசர்பாடி டிப்போல இருந்து 120 மின்சார பஸ் விட்டுச்சே, அது காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கற வண்டி, கணக்கே வேற. அதுவும் எம்டிசி அந்த பஸ்ஸை சொந்தமா வாங்கல, கம்பெனி வண்டியும் டிரைவரும் குடுக்கும், எம்டிசி கண்டக்டரைப் போட்டு கி.மீ.க்கு இவ்ளோன்னு காசு கட்டும். மத்திய அரசோட பிஎம் இ-டிரைவ் மானியம் இருக்கேன்னு சிலர் எழுதியிருக்கீங்க, பஸ்ஸுக்கான பங்கு பெரிய நகரங்களோட அரசுப் போக்குவரத்துக்கு, தனியார் காலேஜ் பஸ்ஸுக்கு இல்ல.

அப்ப எங்க ஆரம்பிக்கிறது? உங்க வளாகத்துல நாள் பூரா ஓடுறது எதுன்னு பாருங்க. மெஸ்ஸுக்குக் காய்கறி ஏத்துற லோடு ஆட்டோ, ஹாஸ்டலுக்கும் பிளாக்குக்கும் நடுவுல போற ஷட்டில், குப்பை வண்டி, செக்யூரிட்டி ரவுண்ட்ஸ் போற பைக். லோடு ஆட்டோ ஒண்ணு தினம் 80 கி.மீ. ஓடினா டீசல்ல கி.மீ.க்கு மூணே கால் ரூபா ஆகும், கரண்ட்ல ஒரு ரூபாதான். 300 நாள் ஓடினா அம்பதாயிரத்துக்கு மேல நிக்கும், விலை வித்தியாசம் ஒரு லட்சம்னா ரெண்டு வருஷத்துல முடிஞ்சுபோச்சு. பஸ்ஸுல ரெண்டே ரெண்டு மட்டும், கிட்ட இருக்கற ரூட்டா பாத்து, வாடகை கான்ட்ராக்ட்ல கேட்டுப் பாருங்க. அந்த ரெண்டும் பகல்ல நிக்கக் கூடாது, ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டுன்னு டிரிப் அடிச்சுக்கிட்டே இருக்கணும். இதை மேனேஜ்மென்ட்கிட்ட சொன்னா மூஞ்சி சுருங்கும், ஏன்னா லோடு ஆட்டோவுக்கு ரிப்பன் வெட்டுனா பேப்பர்ல போட்டோ வராது.

வெளிநாட்டு யூனிவர்சிட்டில எல்லாம் பண்றாங்களே, நம்மாளுங்களுக்கு மட்டும் ஏன் கணக்கு ஒத்துவரல? சும்மா சாக்குதானே?
பி.இ. மூணாம் வருஷம், சென்னை

தம்பி, கோவம் நியாயம்தான், ஆனா அவங்க எப்படிப் பண்ணாங்கன்னு பாத்துட்டு கோவப்படு.

கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியோட இர்வைன் கேம்பஸ் 2017ல 20 மின்சார பஸ் எடுக்கறோம்னு அறிவிச்சாங்க, மொத்தம் 1.5 கோடி டாலர். அன்னைக்கு ரேட்டுக்கு ஒரு பஸ் நம்ம காசுல அஞ்சு கோடிக்குப் பக்கம் வந்துச்சு. அமெரிக்காவுலயே மொத்த பஸ்ஸையும் கரண்ட்டுக்கு மாத்துன முதல் காலேஜ்னு பேர் வாங்குனாங்க. அந்த பஸ் சர்வீஸை அன்னைக்கு நடத்துனதே மாணவர் சங்கம், மாணவர்கள் கட்டுன ஃபீஸ்ல ஓடுச்சு. சர்வீஸ் பேரு ஆன்ட்ஈட்டர் எக்ஸ்பிரஸ், ஆன்ட்ஈட்டர்னா எறும்புதின்னி, அந்த காலேஜோட சின்னம் அது. பஸ்ஸுக்குப் போய் இப்படி ஒரு பேரான்னு எனக்கு சிரிப்பு வந்துச்சு, சரி விடு.

முக்கியமான விஷயம், அந்த பஸ் ஹாஸ்டல், அபார்ட்மென்ட், கிளாஸ்னு குட்டி வட்டம் அடிச்சுக்கிட்டே இருக்கற டவுன் பஸ் மாதிரி. காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு 60 கி.மீ. தள்ளிப் போய் ஊரெல்லாம் சுத்தி ஆள் பொறுக்கிட்டு வர்ற பஸ் இல்ல. ஸ்டான்ஃபோர்டுல ஓடுற மார்கரீட் ஷட்டிலும் அப்படித்தான். அந்தப் பேரு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா, ஒரு குதிரைப் பேரு. பஸ்ஸெல்லாம் வர்றதுக்கு முன்னாடி பாலோ ஆல்டோ ஊருக்கும் காலேஜுக்கும் நடுவுல வண்டி இழுத்த குதிரை. குதிரைல ஆரம்பிச்சு டீசல் வந்து கரண்ட் வந்து, ரூட் மட்டும் அப்படியே குட்டியாவே இருக்கு. கரண்ட்டுக்கு அந்த மாதிரி ரூட்தான் தோது.

நம்ம ஊர்லயே பக்கத்துல இருக்கற உதாரணம் கிண்டி ஐஐடி. ஸ்டூடன்ட்ஸ் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது, 600 ஏக்கருக்கு மேல இருக்கற காட்டுக்குள்ள பசங்க சைக்கிள்லதான் போறாங்க, மானு குறுக்க வந்தா நின்னு போகணும். அங்க படிச்ச ரெண்டு பசங்க 2013ல ஆரம்பிச்ச கரண்ட் ஸ்கூட்டர் கம்பெனிதான் ஏத்தர். ஸ்கூட்டர் ஓசூர்ல செய்யுறாங்க, சார்ஜிங் நெட்வொர்க்கும் அவங்களே போட்டாங்க. வண்டியை மட்டும் வித்துட்டு எங்கயாவது போய் சார்ஜ் போட்டுக்கன்னு விட்டா எவனும் வாங்க மாட்டான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

அண்ணே, நான் காலேஜ் பஸ் டிரைவர். வண்டி ராத்திரி எங்க ஊர் பெட்ரோல் பங்க்லதான் ஹால்ட். காலைல 5.40க்கு எடுத்தாத்தான் 85 கி.மீ. போய் எட்டரைக்குள்ள உள்ள நுழைய முடியும். கரண்ட் வண்டி குடுத்தா ராத்திரி எங்கண்ணே சார்ஜ் போடுறது? இல்ல தினம் காலேஜ்ல விட்டுட்டு நான் எப்படி வீடு வர்றது?
வந்தவாசி பக்கம்

இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விலயே இதுதான் உருப்படியான கேள்வி. ஆலோசனை சொல்ல வர்ற கம்பெனிக்காரங்க எவனும் இதைக் கேக்க மாட்டான், அவன் எல்லா பஸ்ஸும் ராத்திரி காலேஜ்லயே தூங்குதுன்னு நெனச்சு பத்து மணில இருந்து காலைல அஞ்சு வரைக்கும் சார்ஜுன்னு கலர் கலரா படம் போட்டுக் காட்டுவான். ராத்திரி பத்து மணிக்கு அந்த யார்டுல போய்ப் பாத்தா ரெண்டு நாய்தான் படுத்திருக்கும்.

உங்க ரூட்டையே எடுத்துக்குவோம். பஸ் பகல்ல காலேஜ்ல சார்ஜ் ஏறும், சாயங்காலம் புல் சார்ஜோட கிளம்பி 85 கி.மீ. வீடு, ராத்திரி தூக்கம், காலைல மறுபடி 85. ஆக மொத்தம் 170 கி.மீ. நடுவுல எங்கயும் சார்ஜ் இல்ல. 200 யூனிட் பேட்டரின்னா புதுசுல 30 யூனிட் மீதி வச்சு உள்ள வந்துருவீங்க. கொஞ்ச வருஷம் போய் பேட்டரி தேஞ்சு 160 யூனிட்தான் தாங்குதுன்னு வைங்க, கடைசி 10 கி.மீ.ல நடு ரோட்டுல பிள்ளைங்களோட நிக்கணும். அன்னைக்கு போன் யாருக்கு வரும்? உங்களுக்குத்தான் வரும், பேட்டரி கம்பெனிக்கு வராது.

பங்க்ல இருக்கற 15 ஆம்ப் பிளக்ல சொருகிரலாமான்னு கேப்பீங்க. அதுல மணிக்கு மூணு யூனிட் ஏறும், எட்டு மணி நேரம் போட்டாலும் 25 யூனிட்தான். அதைவிட முக்கியமா பெரிய பஸ்ஸு பெரும்பாலும் டிசி சார்ஜர்லதான் ஏத்துற மாதிரி வருது, சிசிஎஸ்-2ன்னு பெட்ரோல் பங்க் கன் மாதிரி ஒரு கனமான சார்ஜர் பிளக் இருக்கும், அதைத்தான் கன்னும்பாங்க, வீட்டு பிளக்ல சொருக வழியே இருக்காது. அதனால உங்க இன்சார்ஜ்கிட்ட சொல்லுங்க, 40 கி.மீ.க்குள்ள இருக்கற ரூட்டுக்கு மொதல்ல குடுங்க, என் ரூட் கடைசின்னு. ஹால்ட்டை மாத்தி காலேஜ்லயே வண்டியை விடச் சொன்னா, உங்களை வீட்டுல விட காலைல கூட்டிட்டு வர யாரு வண்டின்னு அன்னைக்கே எழுதி வாங்கிருங்க. அதை ஓரமா ஒதுக்கிட்டு "டிரைவர்கள் ஒத்துழைக்கலை"ன்னு ரிப்போர்ட் எழுதுனதை நான் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு. செமஸ்டர் லீவுல பஸ்ஸை ஒரு மாசம் நிறுத்திப் போட்டா பெரிய பேட்டரில சார்ஜ் பெருசா இறங்காது, ஆனா லைட்டு, ஹாரன், கதவுக்கு இருக்கற 24 வோல்ட் சின்ன பேட்டரி உக்காந்துரும். அது உக்காந்தா பெரிய பேட்டரி புல்லா இருந்தாலும் வண்டி எந்திரிக்காது. டீசல் வண்டில பண்ற மாதிரி அதோட கட் ஆஃப் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுப் போங்க.

எங்க காலேஜ்ல 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர். 10 பஸ்ஸுக்கு 60 கிலோவாட் சார்ஜர் பத்து போடலாம்னு கொட்டேஷன் வந்திருக்கு. டிரான்ஸ்பார்மர் மாத்தணுமா?
எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ், கோவை

கொட்டேஷனை மாத்துங்க, டிரான்ஸ்பார்மர் அப்புறம். பத்து சார்ஜரையும் ஒண்ணா ஆன் பண்ணா 600 கிலோவாட், உங்க டிரான்ஸ்பார்மர் தாங்குறதே 500க்குள்ளதான். காலேஜ்ல ஏற்கனவே ஏசி, லேப், ஹாஸ்டல் மோட்டார் எல்லாம் இழுத்துக்கிட்டு இருக்கும், அது மேல இதை ஏத்துனா சப்ளையே விழுந்துரும். விழலேன்னாலும் எச்.டி. (உயர் அழுத்த) கனெக்ஷன்ல அந்த மாசத்துல ஒரே ஒரு அரை மணி நேரம் உச்சம் தொட்டாலும் போதும், மாசம் பூரா டிமாண்ட் சார்ஜ், அதாவது உச்ச லோடுக்கான கட்டணம், அந்த உச்சத்துக்குத்தான் போடுவான், சாங்ஷன் வாங்குன லோடைத் தாண்டுனா பெனால்டி வேற. யூனிட் விலையை மட்டும் பாத்து கணக்குப் போடுறவங்க இந்த இடத்துல அடி வாங்குவாங்க.

நேரத்தைப் பாருங்க. பஸ்ஸு ஒம்போதுல இருந்து நாலு வரைக்கும் ஏழு மணி நேரம் நிக்குது. 10 பஸ்ஸுக்கு 115 யூனிட் வீதம் 1,150 யூனிட், ஏழு மணி நேரத்துக்குப் பரத்திவிட்டா 165 கிலோவாட்தான். அவசரமே இல்லாத வண்டிக்கு எதுக்குங்க அறுபது கிலோவாட். 40 கிலோவாட்ல அஞ்சு சார்ஜர் போதும், ஒரு மணிக்கு கன்னை மாத்திச் சொருக ஒரு ஆள் வேணும், அதுக்கு கிளீனர் தம்பிக்கு மாசம் ஆயிரம் ரூபா படி சேத்துக் குடுங்க, சாஃப்ட்வேர் வாங்குறதைவிட மலிவு.

பகல்ல ஏத்துறது இன்னொரு விதத்துலயும் நல்லது. மத்திய மின் அமைச்சகம் 2024ல போட்ட வழிகாட்டில காலைல 9ல இருந்து 4 வரைக்கும் சூரிய நேரம்னு வச்சு சார்ஜிங் ஸ்டேஷனுக்கு ரேட் குறைவா இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. நம்ம பஸ் நிக்கிற நேரமும் அச்சு அசல் அதேதான். பாருங்க கொடுமையை, சார்ஜ் ஏத்த இதைவிடத் தோதான வண்டி உலகத்துல கிடையாது, ஆனா அப்படி நிக்கிறதாலதான் போட்ட காசும் திரும்ப வர மாட்டேங்குது. சோலார் ஒரு கிலோவாட் நம்ம ஊர் வெயில்ல நாலு நாலரை யூனிட் குடுக்கும், 1,150 யூனிட்டுக்கு 260, 280 கிலோவாட் வேணும். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி போகும். பஸ் ஷெட் கூரை மேல மட்டும் போட்டா 50 கிலோவாட் தேறலாம், மிச்சத்துக்கு ஹாஸ்டல் மாடியையும் பிளாக் மாடியையும் கேளுங்க. ஞாயித்துக்கிழமை பஸ் இல்லாட்டி அந்தக் கரண்ட்டை மெஸ் கிரைண்டர் தின்னுக்கும், வீணாப் போகாது.

ஹாஸ்டல் ரூம்ல ஸ்கூட்டர் பேட்டரியைக் கழட்டி சார்ஜ் போட்டேன்னு வார்டன் பிடுங்கி வச்சுட்டார். கீழ பார்க்கிங்ல பாயின்ட் குடுக்காம இது என்ன நியாயம்?
முதுகலை மாணவர், திருச்சி

வார்டன் பண்ணது சரி, பாயின்ட் குடுக்காதது தப்பு. 2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டிருந்த பைக் தீப்பிடிச்சு அப்பாவும் மகளும் புகைல மூச்சு முட்டி இறந்தாங்க, மறந்திருக்க மாட்டீங்க. அந்த வருஷம் நடந்த தீ விபத்துங்களுக்கு அப்புறம்தான் பேட்டரி பரிசோதனை விதியையே இறுக்குனாங்க. இப்ப வர்றது பரவாயில்லதான், ஆனாலும் படுக்குற ரூம்ல, கட்டிலுக்கு அடில, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மூணு பேர் லேப்டாப்போட சேத்து, வேண்டாம் தம்பி. காத்தோட்டமான ஷெட்ல பத்து 15 ஆம்ப் பிளக், ஒவ்வொண்ணுக்கும் தனி எம்சிபி (லோடு கூடுனா தானா விழுற சுவிட்ச்), ஒழுங்கான எர்த்திங், சப் மீட்டர், இவ்ளோதான் வேணும். ஒரு ஸ்கூட்டருக்கு மூணு யூனிட், அதுல 90 கி.மீ. போவீங்க, யூனிட் 9 ரூபான்னா கி.மீ.க்கு முப்பது பைசா. யூனிட்டுக்கு 12 ரூபா குடுக்கறோம்னு அம்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு குடுங்க. ஓசியாக் கேக்காதீங்க, ஓசியாக் கேட்டா ஃபைலே நகராது.

எங்க கார் பார்க்கிங்ல ரெண்டு ஃபாஸ்ட் சார்ஜர் வச்சாங்க. காலைல ஒம்போது மணிக்கு ரெண்டு பேர் சொருகிட்டு கிளாஸுக்குப் போறாங்க, நாலு மணிக்குத்தான் எடுக்கறாங்க. மத்தவங்க என்ன பண்றது?
உதவிப் பேராசிரியை, மதுரை

மேடம், ஹைவேஸ்ல வைக்க வேண்டியதைக் கொண்டுவந்து காலேஜ்ல வச்சா இதுதான் நடக்கும். ஃபாஸ்ட் சார்ஜர்ங்கறது டீ குடிச்சுட்டு கிளம்புறவனுக்கு. ஏழு மணி நேரம் நிக்கிற காருக்கு 3.3 கிலோவாட் பிளக்கே 23 யூனிட் ஏத்திரும், வீட்டுக்கும் காலேஜுக்கும் மூணு நாள் வந்து போகலாம். ரெண்டு ஃபாஸ்ட் சார்ஜர் வாங்குன காசுக்கு முப்பது நாப்பது சாதா பிளக் போட்டிருக்கலாம், எல்லாரும் சொருகியிருப்பாங்க, சண்டையே இல்ல. கேபிள் மட்டும் தடிமனா இழுக்கணும், அங்க கஞ்சத்தனம் பண்ணா பிளக் உருகும்.

உருகுனதை நான் பாத்தேன். எங்க காலேஜ்ல ரொம்ப வருஷம் முன்னாடி, இந்தப் பேச்செல்லாம் வர்றதுக்கு முன்னாலயே, ஆறு பேட்டரி கார் வாங்குனாங்க, விருந்தாளிங்களைக் கூட்டிட்டுப் போக. மஞ்ச குஞ்சம் எல்லாம் கட்டி பூஜை போட்டாச்சு. சார்ஜ் போட இடம் யோசிக்கல. வாட்ச்மேன் ரூம்ல இருந்து ஒரு ஒயர் இழுத்து, ஒரே பிளக்ல ரெண்டு வண்டி. நாலாவது நாள் கருகுன வாசனை, போய்ப் பாத்தா பிளக்கு பழுப்பாகி சாக்கெட்டோட ஒட்டிக்கிச்சு, பிடுங்க வரல. அப்புறம் ஷெட் போட்டு சரி பண்ணோம். ஆனா அதெல்லாம் லெட் ஆசிட் பேட்டரி, ஒவ்வொரு வண்டிலயும் எட்டு எட்டு பேட்டரி, மாசாமாசம் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். யார் ஊத்துறது? எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட் இது வண்டி, டிரான்ஸ்போர்ட் பாக்கட்டும்னாங்க. நாங்க இது பேட்டரி, எலெக்ட்ரிக்கல் பாக்கட்டும்னோம். அதுல நானும் ஒருத்தன், மறைக்கல. பதினாலே மாசம், தட்டு காஞ்சு எல்லாம் செத்துப் போச்சு. ஆடிட்டோரியத்துக்குப் பின்னாடி புங்கமரத்தடில நின்னுச்சு ரொம்ப நாள், பூனை குட்டி போட்டிருந்துச்சு ஒண்ணுல. ஆனா புது பேட்டரிக்குத் தண்ணி வேண்டாம், லித்தியம். யார் பொறுப்புன்னு மட்டும் இன்னமும் எழுதி வைக்கணும்.

பள்ளிக்கரணை பக்கம் இருக்கற காலேஜ்ல எம் பொண்ணு படிக்கிறா. மழைத் தண்ணில கரண்ட் பஸ் போனா ஷாக் அடிக்காதா?
ஒரு தாய், தாம்பரம்

அடிக்காதும்மா. பேட்டரிப் பெட்டிக்கு ஐபி-67னு ஒரு தரம், ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம் முக்கி வச்சாலும் உள்ள போகக் கூடாது. கசிவு தெரிஞ்சா வண்டி தானா லைனைத் துண்டிச்சுக்கும். அதுக்காக வெள்ளத்துல விடலாம்னு இல்ல, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ அந்தப் பக்கம் நின்ன தண்ணில டீசல் பஸ்ஸையே விட்டிருக்கக் கூடாது. எனக்கு பஸ்ஸைவிட சார்ஜர் மேலதான் பயம், அதைத் தரையோட தரையா வச்சிருப்பாங்க. 2015லயும் 2023லயும் தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு சுவத்துல கறை இருக்கும், அதுக்கு மேல ரெண்டு அடி தூக்கி பீடம் கட்டச் சொல்லி பேரன்ட்ஸ் மீட்டிங்ல கேளுங்க.

கவர்மென்ட்ல லைசென்ஸ், பெர்மிட் எல்லாம் வாங்கணுமா?
சேலம்

சார்ஜிங் பாயின்ட் வைக்க தனி லைசென்ஸ் வேண்டாம்னு 2018லயே மின் அமைச்சகம் சொல்லிருச்சு. பேட்டரில ஓடுற வண்டிக்குப் பெர்மிட் விலக்கும் அதே வருஷம் வந்துச்சு. எஃப்சி (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், டிரைவருக்கு ஹெவி லைசென்ஸ், ஃபயர் எக்ஸ்டிங்விஷர் எல்லாம் வழக்கம் போல. நம்பர் பிளேட் பச்சை, காலேஜ் பேர்ல இருக்கற போக்குவரத்து வண்டின்னா மஞ்சள் எழுத்து. டேக்ஸ் சலுகையை வாங்குற அன்னைக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்கங்க, அது மாறிக்கிட்டே இருக்கும்.

கரூர்ல பாடி கட்டுற எங்க பொழப்பு என்னாகும்?
பெயர் வேண்டாம்

சேஸிஸை (பஸ்ஸோட அடிச்சட்டத்தை) வாங்கி பாடி கட்டுறது இதுல குறைவுதான், பெரும்பாலும் கம்பெனியே முழு பஸ்ஸா குடுக்குது. ஆனா மேல போட்ட கணக்கைப் பாத்தீங்கள்ல, காலேஜ் பஸ் அவ்ளோ சீக்கிரம் மாறாது. பத்து வருஷத்துக்கு வேலை இருக்கு.

டீசல் மெக்கானிக், வயசு 54. காலேஜ் டிப்போல 19 வருஷம். மூணு கரண்ட் வண்டி வருதாம். இனி நான் எதுக்குன்னு யோசனையாவே இருக்கு சார்.
விழுப்புரம்

அண்ணே, எனக்கு உங்களைத் தெரியாது, ஆனா உங்க கை எப்படி இருக்கும்னு தெரியும். நேரா சொல்றேன். இன்ஜின், கியர்பாக்ஸ், கிளச், நாசில், பம்ப், சைலன்சர், இதெல்லாம் அந்த மூணு வண்டில இருக்காது. உங்க வேலைல பாதி போச்சு, மறைச்சு என்ன ஆகப் போகுது.

மிச்ச பாதி அப்படியே இருக்கு. கிங் பின் (முன் சக்கரம் திரும்புற அச்சாணி), ஸ்டீரிங் லிங்க், ஏர் பிரேக், சஸ்பென்ஷன், கதவு, வீல் பேரிங். கம்ப்ரசர் இருக்கும், பெல்ட்டுக்குப் பதிலா மோட்டார்ல ஓடும். பிரேக் லைனிங் ரொம்ப நாள் வரும், ஏன்னா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடிச்சு இழுத்து கரண்ட்டை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். லைனிங் தேயலையேன்னு டிரம்மைக் கழட்டாம விட்டுறாதீங்க, மழைக் காலத்துல துருப்பிடிச்சு இறுகிக்கும். டயர் உங்களுக்கு அதிகம் வேலை வைக்கும், பேட்டரி கனம், நின்ன இடத்துல இருந்தே மோட்டார் முழு பலத்தோட இழுக்கும், புது டிரைவர் ஒருத்தன் மிதிச்சான்னா பின் டயர் சொல்லிக்காம தேயும். டயரை இடம் மாத்துற ரொட்டேஷன் சார்ட் ஒண்ணு சுவத்துல ஒட்டி வைங்க.

ஆரஞ்சு கலர் கேபிள் எங்க பாத்தாலும் கை வைக்காதீங்க. 600 வோல்ட்டுக்குப் பக்கம் டிசி, உயிரையே எடுத்துரும். பேட்டரி லைனைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கைக் கழட்டி, கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டர் வச்சு ஜீரோன்னு பாத்து, ரப்பர் கிளவுஸ் போட்டுத்தான் தொடணும், அதுக்கு டிரெய்னிங் குடுக்க வேண்டியது வண்டி விக்கிறவன் பொறுப்பு. பர்ச்சேஸ் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இன்சார்ஜ்கிட்ட போய் உங்க பேரை அந்த டிரெய்னிங் லிஸ்ட்ல எழுத வைங்க. இப்பவே போங்க, ஆர்டர் கையெழுத்தான பிறகு போனா எலெக்ட்ரானிக்ஸ் படிச்ச சின்னப் பையன் பேரு அங்க ஏறியிருக்கும், அவனுக்கு கிங் பின் எங்க இருக்குன்னே தெரியாது, நீங்கதான் காட்டிக்குடுக்கணும்.